34-ஐ 304 என்று எழுதுகிறார்கள்: குச்சிக் கட்டு சரியாக வருகிறது, நோட்டில்தான் கோளாறு

#1 கரும்பலகை

2-ஆம் வகுப்பு, 28 பிள்ளைகள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொன்னால் கட்டிவிடுகிறார்கள். "மூணு கட்டு, நாலு உதிரி, மொத்தம் எத்தனை?" என்றால் "முப்பத்தி நாலு" என்று பதிலும் வருகிறது. அதையே நோட்டில் எழுதச் சொன்னால் ஏழெட்டுப் பேர் 304 என்கிறார்கள். கழித்தலில் 42 − 17 = 35 என்று பாதி வகுப்பு.

எனக்குத் தெரிய வேண்டியவை: குச்சியிலிருந்து எண்ணுக்கு வரும் இடத்தில் எந்தப் படி விட்டுப்போகிறது? ஜோடிக்கு எத்தனை குச்சி, என்ன பொருள் சரிப்படும்? கழித்தலுக்குக் குச்சியை எப்படிப் பயன்படுத்துவது? "செயல்பாடு மூலம் கற்பிக்கவும்" என்ற பொதுப் பேச்சு வேண்டாம், அது பயிற்சி வகுப்பிலேயே நிறையக் கிடைத்துவிட்டது.

#2 தென்னங்கீற்று

பொருளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை எண்சுவடி மேடம் வந்து சொல்லட்டும்.

ஈர்க்குச்சிதான் மலிவு. புதுத் தென்னந்துடைப்பம் மூன்று வாங்குங்கள். ஒரு துடைப்பத்தில் நூற்றுக்குக் குறையாமல் ஈர்க்கு இருக்கும். ஒவ்வொரு ஈர்க்கிலும் அடிப்பக்கத்திலிருந்து 10 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு மட்டும் எடுங்கள். நுனிப்பக்கம் வேண்டாம், அது வளையும், எண்ணும்போது இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். ஜோடிக்கு 70 வீதம் 14 ஜோடிக்கு 980. கையில் ஆயிரமாவது இருக்கட்டும், தினம் நாலைந்து ஒடியும், தொலையும்.

பச்சை ஈர்க்கை வெட்டிக் கட்டாதீர்கள். காய்ந்ததும் சுருங்கிக் கட்டு தளர்ந்து, பிள்ளை தூக்கும்போது ஒரு குச்சி நழுவிவிடும். அப்புறம் அந்தக் கட்டில் ஒன்பது. ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு வெட்டுங்கள். முனையைச் சரிவாக வெட்டினால் ஊசி மாதிரி குத்தும். நேராக வெட்டிச் சிமெண்டுத் தரையில் இரண்டு தேய் தேய்த்தால் போதும்.

கட்ட ரப்பர் பேண்டில் மிகச் சின்ன அளவு வாங்குங்கள். பத்து ஈர்க்கு சேர்ந்தாலும் கட்டு சுண்டுவிரல் பருமன்தான். பெரிய பேண்டை நாலு சுற்றுச் சுற்ற ஏழு வயதுக் கைக்கு வராது. பலரும் சொல்லும் சைக்கிள் டியூப் வளையமும் இதற்குப் பெரியது. ஐஸ் குச்சிக்கு அது கச்சிதமாக இருக்கும், வெயிலில் இற்றுப்போகாது. ஐஸ் குச்சிக்குக் காசு இருந்தால் அதுவே மேல், தட்டையாக இருப்பதால் மேசையில் உருளாது.

புளியங்கொட்டை எண்ணுவதற்கு அருமை, இட மதிப்புக்கு ஆகாது. கட்ட முடியாது. தீப்பெட்டிக்குள் பத்துப் போட்டு மூடினால், உள்ளே பத்து இருப்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. வண்டு விழாமல் இருக்க வெறும் சட்டியில் வறுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: அழகாக இருக்கிறது என்று குன்றிமணியை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள், கடித்து உடைந்தால் கடும் விஷம். ஆமணக்குக் கொட்டையும் அப்படியே.

#3 எண்சுவடி

304 எழுதும் பிள்ளைக்கு இட மதிப்பு தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது காதில் கேட்டதை அப்படியே எழுதுகிறது. "முப்பது" என்றால் 30, "நாலு" என்றால் 4. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 304. பிள்ளையின் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. பழைய ஓலைக் கணக்கில் 34-ஐ ௩௰௪ என்றுதான் எழுதினார்கள், பத்துக்கென்று தனிக் குறி போட்டு. இன்றைய முறையில் அந்தப் "பத்து" என்ற குறி காணாமல் போய், இடம் அதன் வேலையைச் செய்கிறது. அதை யாரோ ஒருவர் கண்ணெதிரே காட்டினால்தான் பிள்ளைக்குத் தெரியும். குச்சி அதைக் காட்டாது. குச்சிக்கு "இடம்" என்பதே கிடையாது, கட்டை இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும் 34-தான்.

நடுவில் ஒரு படி வேண்டும். அதுதான் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் எண் அட்டை.

ஒன்றுகள் அட்டை 5 செ.மீ. அகலம், பத்துகள் அட்டை 10 செ.மீ. அகலம், உயரம் இரண்டுக்கும் 6 செ.மீ. ஒரு செட்டில் 1 முதல் 9 வரை ஒன்பது, 10 முதல் 90 வரை ஒன்பது, ஆகப் பதினெட்டு. 56 × 71 செ.மீ. சார்ட்டை 6 செ.மீ. உயரமுள்ள 11 கீற்றாக வெட்டுங்கள். எட்டுக் கீற்றில் ஐந்து பத்து அட்டையும் ஒரு ஒன்று அட்டையும், மீதி மூன்றில் ஒன்று அட்டை மட்டும். ஒரு சார்ட்டில் நான்கு செட் வந்துவிடும். 14 ஜோடிக்கு நான்கு சார்ட்.

எழுதும்போதுதான் கவனம். பத்து அட்டையைச் சரிபாதியாக மடித்துக் கோடு போட்டு, இடப்பாதி நடுவில் 3, வலப்பாதி நடுவில் 0. ஒன்று அட்டையில் நடுவில் 4. எல்லா இலக்கமும் ஒரே உயரம். இப்போது 30 அட்டையின் வலப்பாதிமேல் 4 அட்டையை வைத்தால் பூஜ்யம் மறைந்து 34 தெரியும். கையால் கன்னாபின்னாவென்று எழுதினால் பூஜ்யத்தின் ஓரம் எட்டிப் பார்க்கும், பிள்ளை அதையும் சேர்த்து எழுதும். மெல்லிய தாளில் செய்தால் பூஜ்யம் பின்னால் நிழலாகத் தெரியும். கெட்டி சார்ட் வாங்குங்கள்.

செய்யும் முறை: ஒருவர் 3 கட்டு 4 உதிரி எடுக்கிறார். மற்றவர் கட்டுக்கு 30 அட்டையும் உதிரிக்கு 4 அட்டையும் பக்கத்தில் வைக்கிறார். இந்த நிலையில் 30 4 என்றுதான் இருக்கும், அதாவது பிள்ளை எழுதிய அதே 304. அங்கேயே நிறுத்தி, "இப்போ 4-ஐ 30 மேல ஏத்து" என்று சொல்லி ஏற்ற வேண்டும். பிறகு 4-ஐ விரலால் தூக்கி "அடியில் என்ன ஒளிஞ்சிருக்கு?" என்று கேட்க வேண்டும். இந்தத் தூக்கிப் பார்ப்பதுதான் முழுப் பாடமும். பலர் அட்டையைச் செய்துவிட்டு, ஏற்றி ஒட்டிவைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். தூக்க முடியாத அட்டையால் ஒரு பயனும் இல்லை.

#4 சொல்லேர்

எண்சுவடி சொன்னதோடு இன்னொன்று. எண் பெயர்களையும் கவனியுங்கள்.

தமிழ் இந்த விஷயத்தில் பிள்ளைக்குப் பெரும் உதவி. "பதிமூணு" என்னும்போதே பத்து முதலில், மூன்று பிறகு. இங்கிலீஷில் தேர்டீன் என்று மூன்று முன்னால் வருவதால் அந்தப் பிள்ளைகள் 31 என்று எழுதுவதுண்டு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை 13-ஐ 31 என்று எழுதினால் அது ஒலியிலிருந்து வந்த தவறில்லை, பெரும்பாலும் வலமிருந்து எழுதிய தவறு. அதற்கு மருந்து வேறு. ஆங்கில வழிப் பிரிவும் நடத்துபவர்கள் இரண்டையும் ஒன்றாகத் திருத்தக் கூடாது.

ஆனால் ஒன்பதில் தமிழ் காலை வாருகிறது. "ஒன்பது" என்ற சொல்லுக்குள்ளேயே "பது" இருக்கிறது. எழுபது, எண்பது என்று பத்துப் பத்தாகச் சொல்லிக்கொண்டு வரும் பிள்ளை அடுத்து "ஒம்பது" என்று தாவும். 90-க்கு வந்தால் "தொண்ணூறு", அதற்குள் நூறு ஒலிக்கிறது. "தொண்ணூத்தி அஞ்சு" எழுதச் சொன்னால் 9005, 905 எல்லாம் வரும். எனவே 304 பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்த பிள்ளையை 90-களில் தனியாகச் சோதியுங்கள். இதற்குத் தனி விளக்கம் எதுவும் எடுபடாது. ஒன்பது கட்டை மேசையில் வைத்து, "இதுக்குப் பேர் தொண்ணூறு, ஆனா நூறு ஆக இன்னும் ஒரு கட்டு வேணும்" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது கட்டை வைத்துக் காட்டுவதுதான்.

39-க்கு அடுத்து "முப்பத்திப் பத்து" என்று சொல்லும் பிள்ளையைச் சிரித்து அடக்காதீர்கள். அது சரியான பதில். "ஆமா, அந்தப் பத்தைக் கட்டு" என்றால் நாற்பது தானாக வந்துவிடும்.

#5 மணிஅடிச்சாச்சு

மன்னிக்கவும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 40 நிமிடப் பாடவேளையில் குச்சியைப் பிரித்துக் கொடுக்கப் பத்து நிமிடம், பொறுக்கி உள்ளே வைக்கப் பத்து நிமிடம். மீதி இருபதில் பாதி நேரம் குச்சியை வைத்து வீடு கட்டுகிறார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் பாட அட்டை, கற்றல் ஏணி, குழு எல்லாமே இருந்தன. அட்டையை முடித்து அடுத்த படிக்கு ஏறுவதே குறியாகிப்போன வகுப்புகள் எத்தனை! பிள்ளை கையில் பொருள் இருப்பதும் அது கற்பதும் ஒன்றல்ல. கரும்பலகையில் ப (பத்து), ஒ (ஒன்று) என்று இரண்டு கட்டம் போட்டு இருபது கணக்குப் போட்டால் 304 ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

#6 எண்சுவடி

நிற்கும். 304 நிற்கும், 42 − 17-க்கு வரும் அந்த 35 நிற்காது. ப, ஒ கட்டத்தில் பிள்ளை 34-ஐச் சரியாக எழுதும், ஆனால் அந்த 3-ஐ மூன்று என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கட்டத்துக்கு ஒரு இலக்கம் என்ற விதி மட்டும் மனப்பாடம். கான்ஸ்டன்ஸ் கமீ என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் 16 பொருள்களைக் கொடுத்து, 16 என்று எழுதி, அதிலுள்ள 1-ஐச் சுட்டி "இது எத்தனை?" என்று கேட்டார். ஒரு பொருளை மட்டும் எடுத்துக் காட்டிய பிள்ளைகள் ஏராளம், கூட்டல் கணக்குச் சரியாகப் போடுகிறவர்கள் உட்பட. உங்கள் வகுப்பில் 34 எழுதி 3-ஐ வட்டமிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பொருள் கையில் இருப்பதே கற்றல் ஆகாது என்று நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் அட்டையைத் தூக்கிப் பார்ப்பதற்கு அவ்வளவு இடம் கொடுத்தேன்.

#7 தென்னங்கீற்று

நேரத்தைப் பற்றி: பிரித்துக் கொடுக்கிற வேலையே ஆசிரியருடையதாக இருக்கக் கூடாது. ஜோடிக்கு ஒரு துணிப்பை, பையின்மேல் எண். உள்ளே எப்போதும் 7 கட்டு, உதிரி எதுவும் இல்லை. பாடம் முடிந்ததும் பை 7 கட்டாகத்தான் திரும்ப வேண்டும். திருப்பி வைப்பதே ஒரு கட்டும் பயிற்சியாகிவிடுகிறது, குறைந்தால் எத்தனை குறைகிறது என்று அவர்களே சொல்வார்கள். ஈடு கொடுக்க ஆசிரியர் மேசையில் ஒரு டப்பா உதிரி. முதல் மூன்று நாள் இழுக்கும். அதன்பின் எடுக்க, வைக்க இரண்டிரண்டு நிமிடம்தான்.

வீடு கட்டுவது பற்றி: முதல் நாள் பத்து நிமிடம் வீடு கட்ட விட்டுவிடுங்கள். அந்த ஆசை தீராமல் கணக்குக்குள் வர மாட்டார்கள்.

ஒன்பது குச்சிக் கட்டும் பதினொன்று குச்சிக் கட்டும் தினசரித் தலைவலி. ஒரு அட்டையில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கோடு போட்டுக் கொடுங்கள். கோட்டுக்கு ஒரு குச்சி வைத்து நிரம்பியதும் வாரிக் கட்ட வேண்டும். ஒரே வரிசையில் பத்துக் கோடு போட்டால் காலியான கோடு கண்ணில் படாது, இரண்டு வரிசை என்றால் உடனே தெரியும்.

#8 பல்லாங்குழி

விளையாட்டு ஒன்று, ஜோடிக்கு 70 குச்சி என்ற கணக்கே இதிலிருந்து வந்ததுதான்.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 1, 2, 3, ஒரு பக்கம் வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மாறி மாறி உருட்டி, விழுந்த அளவு உதிரி எடுக்க வேண்டும். பத்துச் சேர்ந்ததும் கட்டிவிட வேண்டும். கட்டாமல் அடுத்த ஆளுக்குத் தாயக்கட்டையைக் கொடுத்தால், எதிராளி "கட்டு!" என்று சொல்லி ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று கட்டு சேர்த்தவர் வெற்றி. வீட்டு விதிப்படி தாயத்துக்கும் (ஒன்று விழுவது) பன்னிரண்டுக்கும் மறு உருட்டு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மறு உருட்டு இல்லாவிட்டால் ஜெயிப்பவரிடம் அதிகபட்சம் 41, தோற்பவரிடம் 29, மொத்தம் 70-க்குள் அடங்கும்.

பன்னிரண்டு விழுந்தால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பன்னிரண்டு உதிரியை எண்ணி எடுத்துப் பிறகு பத்தைக் கட்டும் பிள்ளை ஒரு நிலை. "ஒரு கட்டு, ரெண்டு உதிரி குடு" என்று நேராகக் கேட்கும் பிள்ளை அடுத்த நிலைக்குப் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பி ஆடுங்கள். ஆளுக்கு மூன்று கட்டோடு தொடங்கி, விழுந்த அளவு கொடுக்க வேண்டும், முதலில் தீர்த்தவர் வெற்றி. முதல் உருட்டில் 4 விழுந்தால் கையில் உதிரி இருக்காது. யாரும் சொல்லாமலே கட்டைப் பிரிப்பார்கள். கழித்தலின் அந்தக் கடினமான படி அங்கேயே, பாடப்புத்தகத்துக்கு முன்பே, கையில் வந்துவிடும்.

தாயக்கட்டை இல்லாத பள்ளிக்கு: ஆறு சோழி. நிமிர்ந்தவற்றை எண்ணினால் போதும், ஒன்றும் நிமிராவிட்டால் 12.

#9 கரும்பலகை

துணிப்பையில் 7 கட்டு என்ற யோசனை பிடித்திருக்கிறது. #1-ல் சொல்ல விட்டுப்போனது: என் வகுப்பறையில் 1, 2, 3 மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டம்) பயிற்சி நூலில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருந்தாலும் குச்சி ஒன்றுதான். மூன்று வகுப்புக்கும் ஒரே பையை எப்படிப் பயன்படுத்துவது? கழித்தலைப் பற்றியும் யாராவது விரிவாகச் சொல்லுங்கள்.

#10 வடமராட்சி

வணக்கம். இங்கே இலங்கையிலும் முதன்மை நிலை ஒன்றில் (தரம் 1, 2) இதே சிக்கல்தான். நாங்கள் ஈர்க்கில் கட்டு, அதன் பிறகு எண்சட்டம் (ஆணிகளில் மணி கோக்கும் அபாகஸ்) என்ற ஒழுங்கில் போவோம். நீங்கள் அதை ஆணிமணிச்சட்டம் என்பீர்கள் போலிருக்கிறது.

எண்சட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். ஈர்க்கில் கட்டைப் பிரித்தால் பத்து வரும். எண்சட்டத்தில் பத்தின் ஆணியிலுள்ள மணியும் ஒன்றின் ஆணியிலுள்ள மணியும் ஒரே பருமன், நிறம் மட்டும்தான் வேறு. பிள்ளைக்கு அந்த நிறமே பத்து என்றாகிவிடும். "நீலம் என்றால் பத்து" என்று சொல்லும் பிள்ளைக்கு அடுத்த வருடம் வேறு நிற மணி கொடுத்தால் திண்டாடும். ஆகவே எண்சட்டத்துக்கு வரும்போது எல்லா ஆணிக்கும் ஒரே நிற மணி கொடுங்கள். அப்போதுதான் இடம் மட்டும் பேசும்.

இடையில் காசை வைக்கலாம். பத்து ரூபாயைக் கொடுத்து ஒரு ரூபாய் பத்து வாங்கலாம் என்பது அவர்களுக்குக் கடையில் பழகிய விஷயம். காசைப் பிரிக்க முடியாது, மாற்றத்தான் முடியும். கட்டு பிரிபடும், காசு மாறுபடும், மணிக்கு இடம்தான் எல்லாம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் எண்சட்டம் வெறும் பொம்மையாகிவிடும்.

கூட்டு வகுப்புக்கு: தரம் 1 பிள்ளைகளுக்குப் பையைப் பிரித்து 20 உதிரி மட்டும். பத்து வரை எண்ணிக் கட்டுவதும், 11 முதல் 19 வரை "ஒரு கட்டு, மிச்சம்" என்று சொல்வதும் போதும். தரம் 3 பிள்ளைகள் எல்லாப் பைகளையும் சேர்த்துப் பத்துக் கட்டுக்கு ஒரு பெருங்கட்டு போடட்டும். அவர்கள் முதலில் செய்து முடித்த பிறகு பைகள் தரம் 2-க்கு வரட்டும்.

#11 எண்சுவடி

கழித்தல். 42 − 17.

பாயில் 42 மட்டும் இருக்க வேண்டும்: 4 கட்டு, 2 உதிரி. 17-ஐக் குச்சியில் வைக்கவே கூடாது, அது அட்டையில் எழுதிய எண்ணாகப் பக்கத்தில் இருக்கட்டும். இதில்தான் பெரும்பாலான வகுப்புகள் கவிழ்கின்றன. கூட்டலுக்கு இரண்டு எண்ணையும் குச்சியில் வைத்த பழக்கத்தில் கழித்தலுக்கும் 42-ம் 17-ம் வைப்பார்கள். பாயில் 59 குச்சி. எதிலிருந்து எதை எடுப்பது? குழம்பிப்போய் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்து, பெரியதிலிருந்து சின்னதை எடுத்து 35-க்கு வந்துவிடுவார்கள்.

"17 குடு" என்றால் பிள்ளைகள் பெரும்பாலும் கட்டை முதலில் கொடுப்பார்கள். பாடப்புத்தகம் ஒன்றுகளிலிருந்து தொடங்குகிறதே என்று தடுக்காதீர்கள். முதல் வாரம் எப்படிக் கொடுத்தாலும் சரி. எழுத்துக்கு வரும்போது ஒன்றுகளிலிருந்து தொடங்குவதன் வசதி தெரியும், அடித்து எழுதுவது ஒரு முறையோடு நிற்கும்.

7 உதிரி கொடுக்க வேண்டும், 2-தான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்து உதிரிப் பக்கம் போடட்டும். கழற்றிய ரப்பரை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், எத்தனை கட்டு பிரிந்தது என்பதற்கு அது சாட்சி. இப்போது உதிரியை எண்ணச் சொல்லுங்கள். 12 வர வேண்டும். இங்கே பாதிப் பேர் 10 என்பார்கள், ஏற்கெனவே இருந்த 2-ஐ மறந்து. அடுத்த நொடியே நோட்டில் 4-ஐ அடித்து 3, 2-ஐ அடித்து 12. குச்சி வேலை முழுதும் முடிந்தபின் கணக்கை எழுத வைத்தால், கையும் எழுத்தும் இரண்டு தனித்தனி வேலையாகிவிடும். கை ஒரு அசைவு, பென்சில் ஒரு அசைவு, அப்படித்தான் போக வேண்டும்.

7 கொடுத்தால் 5, ஒரு கட்டு கொடுத்தால் 2 கட்டு. 25. கொடுத்த 17-ஐத் திரும்ப வாங்கிச் சேர்த்துக் கட்டினால் மறுபடி 42.

கணக்குகளின் வரிசை முக்கியம். 30 − 4, பிறகு 32 − 5, பிறகு 42 − 17, கடைசியில் 40 − 17. ஒவ்வொரு நாளும் நடுவில் 48 − 15 போன்ற ஒன்றைச் செருகுங்கள். இல்லாவிட்டால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டைப் பிரிக்கும் பழக்கம் வந்துவிடும்.

கடைசியாக, நாமே விதைக்கும் ஒரு தவறு. 1-ஆம் வகுப்பில் "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று சொல்லிக்கொடுக்கிறோம். 42 − 17-ல் 2-ஐயும் 7-ஐயும் பார்த்த பிள்ளை அந்த விதியை மதித்துத்தான் 7-லிருந்து 2-ஐக் கழிக்கிறது. "இருக்கிற உதிரி பத்தாது, ஒரு கட்டைப் பிரி" என்று சொல்லிப் பழக்குங்கள்.

#12 மணிஅடிச்சாச்சு

சரி, தாயக்கட்டை விளையாட்டை ஒப்புக்கொள்கிறேன், அதற்குச் செலவும் இல்லை. ஒரு சந்தேகம். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றுதான் காலங்காலமாகச் சொல்கிறோம். புத்தகம் "இனமாற்றம்" என்கிறது. எதைச் சொல்வது?

#13 சொல்லேர்

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இங்கே யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்று வாங்கினால் பத்தாகக் கிடைப்பதும் எந்த வீட்டுக் கடன்? பிள்ளையிடம் "பிரி", "கட்டு" என்ற இரண்டு சொல் போதும். இனமாற்றம் என்பது நல்ல சொல்தான், 3-ஆம் வகுப்பில் சொன்னால் போதும். அதற்குள் எது எதுவாக மாறுகிறது என்பது கைக்குத் தெரிந்திருக்கும்.

#14 தென்னங்கீற்று

நூறு, நடுவில் வரும் பூஜ்யம் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. பத்துக் கட்டைச் சேர்த்துப் பெருங்கட்டு போடும்போது உள்ளே இருக்கும் சின்ன ரப்பர்களைக் கழற்றாதீர்கள். நூறு உதிரியை ஒரே கட்டாகக் கட்டினால் அது "நிறையக் குச்சி" மட்டுமே. உள்ளே பத்துப் பத்தாகத் தெரிந்தால்தான் பிரிக்கும்போது பத்துக் கட்டாகப் பிரியும்.

105-க்கு ஒரு பெருங்கட்டு, 5 உதிரி. பிள்ளை 15 என்று எழுதும், இரண்டு வகைதானே கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று தட்டு வையுங்கள், நடுத்தட்டு காலியாக இருக்கட்டும். காலித் தட்டின் எதிரில்தான் பூஜ்யம் எழுத வேண்டும். தட்டு இல்லாமல் வெறும் பாயில் வைத்தால் காலி என்பதே தெரியாது. தென்னை ஓலைத் தட்டு, பாக்குமட்டைத் தட்டு எதுவானாலும் சரி, மூன்றும் ஒரே அளவாக இருந்தால் போதும். பெருங்கட்டுக்குப் பெரிய தட்டு கொடுத்தால், தட்டின் அளவை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

#15 எண்சுவடி

யாருக்குப் பிடிபட்டது என்று பார்க்க ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். தினம் ஏழு பேர், நான்கு நாளில் 28.

6 கட்டும் 12 உதிரியும் வைத்து "47 குடு" என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் பிள்ளைக்கு இன்னும் விளையாட்டு வேண்டும். அடுத்து 2 கட்டு, 14 உதிரி வைத்து "எத்தனை?" என்று கேளுங்கள். 214 என்றோ 24 என்றோ சொன்னால் கட்டத்தைப் படிக்கிறதே தவிர அளவைப் பார்க்கவில்லை. 34 என்பது சரி. அடுத்து 25 எழுதி, 2-ஐ வட்டமிட்டு "இதுக்கு எத்தனை குச்சி?" என்று கேளுங்கள். கடைசியில் குச்சியே இல்லாமல் "39-க்கு அப்புறம்? 90-க்கு முன்னாடி?"

இரண்டாவது கேள்விதான் நிஜமான சல்லடை. அதில் தேறிய பிள்ளையை எண்சட்டத்துக்கு அனுப்பலாம். தேறாத பிள்ளையை, நோட்டில் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தாலும், அனுப்பாதீர்கள்.

#16 கரும்பலகை

இன்று தட்டும் அட்டையும் வைத்துச் செய்து பார்த்தோம். அட்டை ஏற்றிய பிறகு 304 எழுதியவர் இருவர்தான். ஆனால் புதிதாக நான்கு பேர் 43 என்று எழுதுகிறார்கள், நேற்றுவரை சரியாக எழுதியவர்கள்.

#17 வடமராட்சி

நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளுக்கு எதிரே நின்று காட்டினீர்களா? உங்களுக்கு இடப்பக்கம் வைத்த கட்டு அவர்களுக்கு வலப்பக்கம். எதிரெதிரே உட்கார்ந்த ஜோடியிலும் ஒருவருக்கு எப்போதும் தலைகீழாகத்தான் தெரியும்.

#18 கரும்பலகை

ஆமாம், எதிரேதான் நின்றேன். ஜோடிகளும் எதிரெதிரேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

#19 வடமராட்சி

ஜோடிகளை ஒரே பக்கமாகத் தோளோடு தோள் உட்கார வையுங்கள். நீங்களும் அவர்களுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலால் கையை நீட்டிக் காட்டுங்கள். முழு வகுப்புக்கும் காட்டுவதானால் தட்டுகளைக் கரும்பலகைக்கு அடியில் வைத்துவிட்டு, நீங்களும் பலகையைப் பார்த்தபடி நில்லுங்கள். இடப்பக்கத் தட்டின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தால், தட்டு இடம் மாறினாலும் அவர்களே திருத்திக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் பொட்டை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீல மணியின் கதைதான்.